எண்பதா, இருபதா, அந்த ஐந்தா?

டெல்லியில் டி.டி.இ.ஏ. (தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் படித்தாலும் வேறு சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்தாலும் பத்தாம் வகுப்பில் முக்கியப் பாடங்களுக்குக் கணக்கு ஒன்றுதான்: போர்டு எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளியே போடும் இன்டர்னலுக்கு 20. பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொள்ள இதில் எதைப் பார்ப்பது?

போர்டில் திருத்துபவருக்கு உங்கள் பிள்ளை யாரென்றே தெரியாது. அதுதான் அதன் பலம். ஆனால் கைக்கு வருவது வெறும் எண். எந்த இடத்தில் தடுமாறியது என்பது அதில் இருக்காது. 2026 முதல் மே மாதம் மூன்று பாடங்கள் வரை மறுபடி எழுதலாம் என்பதால் பதற்றம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

இன்டர்னல் ஐந்தைந்து மதிப்பெண்ணாக நான்கு பகுதிகளாகப் பிரியும்: பீரியாடிக் டெஸ்ட் (பள்ளி அவ்வப்போது வைக்கும் தேர்வு), பல்வகை மதிப்பீடு (வினாடி வினா, வாய்மொழிக் கேள்வி போன்றவை), போர்ட்ஃபோலியோ (பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பு), பாடச் செறிவூட்டல் (பாடத்தை ஒட்டிய செயல்பாடுகள்). நான் பார்த்த ரிப்போர்ட் கார்டுகளில் இது 18-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். தேர்ச்சிக்கு இரண்டும் சேர்த்து 33 போதும். அதாவது இன்டர்னலில் 20 வாங்கிய பிள்ளைக்கு எழுத்துத் தேர்வில் வெறும் 13 போதும்! இந்த 20-ஐப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை.

சி.சி.இ. எனப்பட்ட தொடர், முழுமையான மதிப்பீட்டு முறையின் காலத்தில் நடந்ததும் இதுதான். 2009-இல் வந்த அந்த முறையில் படிக்கும்போதே நடக்கும் நான்கு வளரறி மதிப்பீடுகளுக்கு 40 சதவீதம், பருவ முடிவில் வரும் இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகளுக்கு 60 சதவீதம். கிரேடுக்காக அப்பா அம்மாக்களே ராத்திரி உட்கார்ந்து சார்ட் ஒட்டினார்கள். 2017-18-இல் போர்டு தேர்வு மறுபடி கட்டாயமானது. சி.சி.இ. யோசனை நல்லதுதான், அதன் தலையில் மதிப்பெண்ணைக் கட்டியதுதான் கெடுத்தது என்பேன்.

மொழிப் பாடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே செறிவூட்டல் என்பது கேட்டலும் பேசுதலும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி என்று வளர்ந்து, ஒற்றெழுத்தில் தடுமாறும் பிள்ளை வாயைத் திறந்தால் சரளமாகப் பேசும். எழுத்துத் தேர்வுக்கு அது தெரியவே தெரியாது.

என் ஓட்டு பீரியாடிக் டெஸ்டுக்கு. மூன்றில் சிறந்த இரண்டின் சராசரிதான் சேரும், அதுவும் ஐந்தே மதிப்பெண்ணுக்கு. ஒன்றில் சறுக்கினாலும் பெரிய நஷ்டமில்லை என்பதால் ஆசிரியர் கறாராகத் திருத்தத் தயங்க வேண்டியதில்லை. பி.டி.எம். (பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்) போகும்போது கார்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தத் தாளைக் கேளுங்கள். வழி சரியாக இருந்து விடை தப்பியதா, கேள்வியே புரியவில்லையா, நேரம் போதாமல் கடைசிப் பக்கம் காலியா? மூன்றுக்கும் டியூஷன் ஒரே மருந்தில்லை.