பசுவா, எருமையா? குளத்துச் சேற்றில் கிடக்கும் எலும்புகள்

ஆவணி வெயிலில் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளம் வற்றும்போது, எப்போதோ செத்த மாடுகளின் எலும்புகள் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் பசுவும் எருமையும் ஒரே தண்ணீரில் இறங்குவதால் எது எதனுடையது என்ற கேள்வி வரும். நான் முதலில் மண்டையோட்டைத்தான் தேடுவேன்.

கொம்பின் மேலுறை கழன்றாலும் உள்ளிருக்கும் எலும்புத் தண்டு மிஞ்சும். பசுவின் தண்டைப் பிடித்தால் உள்ளங்கையில் உருண்டையாக அடங்கும். எருமையுடையது பட்டையாக, முக்கோண விளிம்புகளோடு பின்னோக்கிச் சரியும். விளிம்பு விரலில் உறுத்தும். பசுவின் நெற்றி தட்டை, இரு கொம்புகளுக்கும் நடுவே உச்சியில் ஒரு மேடு. எருமையின் நெற்றி புடைத்திருக்கும். அந்த மேட்டைக் காண முடியாது.

மண்டையோடு இல்லையென்றால் சிக்கல்தான். முன்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு எருமையில் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், பசுவில் ஒடுங்கியிருக்கும். அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எருமைக் கன்றும் நாட்டுப் பசுவும் பருமனில் ஒன்றுபோல் தோன்றும்.

அமெரிக்கக் காட்டெருதின் திமிலை முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் நெடிய எலும்பு முட்கள் தாங்குகின்றன. அதனால் அங்கே அந்த முட்கள் கிடைத்தால் மாட்டெலும்பிலிருந்து அதைப் பிரிக்க உதவும். நம் நாட்டு மாட்டின் திமிலோ தசையும் கொழுப்பும். நரிக்கும் நாய்க்கும் போய்விடும். ஆனால் முதுகு முள் சிலவற்றின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் நான் பசு என்றே சொல்வேன்.