கிட் ஹூக்குகள்: கிளிநொச்சியிலிருந்து ஒரு பயனர் மதிப்பீடு

கிளிநொச்சி அறிவியல்நகரை அண்டி இயங்கும் எமது சிறு குழு, நெல் கொள்வனவுக் கணக்குக்கான மென்பொருளொன்றை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவி வழியாகவே பராமரித்து வருகிறது. கைபேசி இணைப்பில் வேலை செய்யும் எங்களுக்கு, பிழையான நிரல் சேர்வர் வரை போய்ச் சோதனையில் தோற்றுத் திரும்புவது நேரத்துக்கும் டேட்டாவுக்கும் கேடு என்பதால், அதை மடிக்கணினியிலேயே மறித்துவிடும் ஹூக் வசதியை, அதாவது கிட் குறிப்பிட்ட கட்டங்களில் தானாக ஓட்டும் சிறு ஸ்கிரிப்டுகளை, நம்பத் தொடங்கினோம்.

தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஒவ்வொரு களஞ்சியத்தின் (கிட் பராமரிக்கும் திட்டக் கோப்புறையின்) '.கிட்' அடைவுக்குள்ளும் இருக்கும் மாதிரிக் கோப்புகளின் பெயரிலிருந்து '.சாம்பிள்' என்ற வாலை நீக்கி, இயக்க அனுமதியும் கொடுத்தால் போதும். மாற்றங்களைக் கிட்டில் பதியும் கமிட்டுக்கு முன் ஓடும் பிரீ-கமிட் ஸ்கிரிப்ட், தோல்வியைக் குறிக்கும் பூச்சியம் அல்லாத எண்ணுடன் முடிந்தால் கமிட் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டில் வரிமுடிவுக் குறி வேறாக இருந்தால், பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாமலே அது லினக்ஸில் ஓட மறுக்கும்.

கமிட்டுகளைச் சேர்வருக்கு அனுப்பும் புஷ்ஷின்போது ஓடும் பிரீ-புஷ்ஷைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிட் முதலில் சேர்வரைத் தொடர்புகொண்டு அங்குள்ள நிலையை அறிந்த பின்னர்தான் இந்த ஹூக்கை இயக்குகிறது. ஆகவே சோதனைகள் நீள நீள, சேர்வருடன் திறந்த எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை) இணைப்பு வெறுமனே காத்துக் கிடக்கிறது. மறுமுனை அதைத் துண்டித்துவிட்டால், சோதனைகள் எல்லாம் தேறியும் புஷ் தோற்கும். இப்போது நீண்ட சோதனைகளை முன்கூட்டியே தனிக் கட்டளையாக ஓட்டிவிட்டு, சில விநாடிகளில் முடியும் சரிபார்ப்பை மட்டுமே பிரீ-புஷ்ஷில் வைத்திருக்கிறோம்.

களஞ்சியத்தைப் படியெடுக்கும் குளோன் செய்யும்போது ஹூக்குகள் கூடவே வருவதில்லை என்பதைப் பலர் குறையாகச் சொல்வர். முன்பின் அறியாதவரின் ஸ்கிரிப்ட் நம் கணினியில் தானாக ஓடாதிருப்பது எனக்கு நிம்மதியே. 2016 இல் 2.9 பதிப்புடன் வந்த 'கோர்.ஹூக்ஸ்பாத்' அமைப்பால், குழுவின் ஹூக்குகளைக் களஞ்சியத்திலேயே ஒரு பொது அடைவில் வைக்கலாம். ஆயினும் அந்த அமைப்புக்கான கட்டளையை ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் இட்டாக வேண்டும். இட்டாலும், அவசரக்காரருக்கு ஹூக்கைத் தவிர்க்கும் 'நோ-வெரிஃபை' என்ற குறுக்குவழி இருக்கவே இருக்கிறது.

எனவே மீறக்கூடாத விதிகளை, புஷ்ஷை ஏற்பதற்கு முன் சேர்வரில் ஓடும் பிரீ-ரிசீவ் ஹூக்கில் எழுதினோம். பழைய, புதிய கமிட் அடையாளங்களையும் கிளையின் (தனியே வளரும் கமிட் வரிசையின்) பெயரையும் உள்ளீடாகப் பெறும் அது மறுத்தால், அந்தப் புஷ் முழுவதுமே ஏற்கப்படாது. புஷ் ஏற்கப்பட்ட பின் ஓடும் போஸ்ட்-ரிசீவால் எதையும் தடுக்க முடியாது. அறிவித்தல் அனுப்புவதற்கு அது போதும். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப்.காமை மட்டும் நம்பியிருக்கும் குழுக்கள் அங்கே சொந்தமாகப் பிரீ-ரிசீவ் எழுத முடியாது என்பதால், தனிச் சேர்வருக்கான வாடகையையும் கணக்கில் எடுத்தே முடிவு செய்ய வேண்டும்.