ஆப்ப சோடாவா, பேக்கிங் பவுடரா, ஈனோவா?

கேக் கலவையில் புளிப்பு என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். எதற்கு எது மாற்று என்பதை அந்தப் புளிப்புதான் தீர்மானிக்கிறது.

ஆப்ப சோடா வெறும் சோடியம் பைகார்பனேட். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் என ஏதோ ஒரு புளிப்பு கிடைத்தால்தான் முழு வாயுவையும் விடும். புளிப்பே இல்லையென்றால் ஓவன் சூட்டில் பாதி கரியமில வாயுதான் வெளிவரும். மிச்சம் சலவைச் சோடாவாகக் கேக்கிலேயே தங்கிவிடும். சோப்பு வாடை அதனால்தான் வருகிறது. மஞ்சள்தூள் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் குஜராத்திப் பலகாரமான டோக்ளாவில் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தால், சோடா கூடிவிட்டது அல்லது கட்டியாக நின்றுவிட்டது என்று பொருள்.

பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் ஈரத்தை உறிஞ்சச் சோள மாவும் கலந்தே இருக்கும். அதனால் பால் மட்டும் ஊற்றிச் செய்யும் கேக்குக்கு இதுதான் சரி. 1 கப் மைதாவுக்கு, அதாவது சுமார் 125 கிராமுக்கு, பவுடர் 1 டீஸ்பூன். சோடாவானால் கால் டீஸ்பூன் போதும். 'டபுள் ஆக்டிங்' வகை ஈரம் பட்டதும் ஒருமுறை, சூடு ஏறியதும் மறுமுறை வாயு விடும். ஓவன் சூடாகச் சற்றுத் தாமதமானாலும் கலவை தாங்கும்.

1 டீஸ்பூன் பவுடர் இல்லையா? கால் டீஸ்பூன் சோடாவோடு அரை டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்னும் புளிப்புத் தூள் போடலாம். அதுவும் இல்லையென்றால், கால் டீஸ்பூன் சோடா போட்டு, பாலில் அரை கப்பைக் குறைத்து அந்த இடத்தில் மோர் ஊற்றுங்கள். மோரைக் கூடுதலாக ஊற்றினால் நடு வேகாது. மோர் சேர்க்கும் கேக்கில் சோடாவுக்குப் பதில் பவுடர் போட நான்கு மடங்கு வேண்டும். அப்போது மோரின் புளிப்பு முறியாமல் நிற்கும், மேல்நிறமும் வெளுக்கும். மோரை எடுத்துவிட்டுப் பால் ஊற்றுவதே நல்லது.

ஈனோவில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உண்டு. பவுடரின் பாதி அளவில் தொடங்கலாம். ஆனால் ஈரம் பட்ட நொடியே பொங்கித் தீர்ந்துவிடும். ஓவனைச் சூடாக்கி, தட்டில் எண்ணெய் தடவி, கடைசியில் தூவி, நாலு சுற்று கிளறி உடனே உள்ளே வைக்க வேண்டும். டோக்ளாவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. கேக்குக்கு அவசர உதவி, அவ்வளவுதான்.

ஈஸ்ட் இந்த வரிசையிலேயே சேராது. அது மாவில் மணிக்கணக்கில் வேலை செய்யும் உயிரி. ரொட்டிக்கும் பன்னுக்கும் சோடா அதன் இடத்தை நிரப்பாது.

பழைய டப்பாவைச் சோதிக்க, பவுடர் என்றால் அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீர் விடுங்கள், சோடா என்றால் வினிகர் விடுங்கள். சட்டென்று நுரைக்காவிட்டால் அந்த டப்பா பாத்திரம் தேய்க்கப் போகட்டும்.