இடுப்பில் எது, பாக்கெட்டில் எது, வண்டியிலேயே இருக்க வேண்டியது எது?

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவரை இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். கறுப்புப் பை, மடக்குக் கத்தி, பத்து வேலை செய்யும் குறடு, ராணுவப் பச்சையில் கனமான டார்ச் என்று எல்லாம் தொங்கும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அதே ஆளிடம் ஒரு பேனாவும் செல்போனும்தான் மிஞ்சியிருக்கும். கடையையே தூக்கிக்கொண்டு அலைவதும் சரியில்லை, எல்லாம் வண்டியில் இருக்கிறதே என்று வெறுங்கையோடு இறங்குவதும் சரியில்லை.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. ஆக்சிஜன் சிலிண்டர், சளி உறிஞ்சும் கருவி, எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் கட்டைகள், பிரசவத்துக்கான பொருட்கள், ஸ்ட்ரெச்சர் எல்லாம் வண்டியோடு வருகின்றன. அவற்றை நம் சம்பளத்தில் இன்னொரு முறை வாங்கத் தேவையில்லை. வண்டிக் கதவுக்கும் நோயாளிக்கும் இடையில் தேவைப்படுவது மட்டும் நம் உடம்பில் இருந்தால் போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இடைவெளிதான் நிலையாக இருப்பதில்லை. தொப்பூர் கணவாயில் இரட்டைப் பாலத்தருகே லாரி மோதியிருந்தால் பத்தடியில் ஆள் கிடப்பார். மலைக்கிராமத்து அழைப்பு வந்தால், வண்டி போகும் பாதை முடிந்த இடத்திலிருந்து நடைதான். தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப்போன கோட்டூர் மலை இந்த தர்மபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. டோலி கட்டித் தூக்கி வருகிறவர்கள் பாதி வழியில் எதிர்ப்பட்டால், அந்த நேரம் நம் பாக்கெட்டில் இருப்பதை வைத்துத்தான் வேலை பார்க்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன். ஈரக் கையுறையோடு, இருட்டில், ஒற்றைக் கையால் எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா? முடியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது வண்டியிலேயே இருக்கட்டும்.

கத்திரியா, கத்தியா?

காயத்தைப் பார்க்க அடிபட்டவரின் துணியை வெட்ட வேண்டி வரும். அதற்கு மடக்குக் கத்தியை முதலில் தள்ளிவிடுகிறேன். காயம்பட்டவர் அசையாமல் படுத்திருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வலியில் திமிறுகிறவரின் துணிக்கும் தோலுக்கும் நடுவில் கூர்முனையை நுழைப்பது இன்னொரு காயத்தை உண்டாக்குகிற வேலை. தையற்கடைக் கத்திரி நன்றாக வெட்டும், ஆனால் அதன் நுனியும் கூர்தான்.

மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும் ட்ராமா கத்திரியின் சூட்சுமம் கீழ் அலகில் இருக்கிறது. அதன் நுனி தட்டையாக, மழுங்கலாக இருக்கும். வெட்டும் அலகுகள் பிடியிலிருந்து ஒரு கோணத்தில் வளைந்திருக்கும். அந்தத் தட்டை நுனியைத் தோலோடு ஒட்டிப் படுக்க வைத்து முன்னே தள்ளிக்கொண்டே போனால், கால் வீங்கியிருந்தாலும் தோலைக் கீறாமல் ஜீன்ஸ் பிளந்துகொண்டு வரும். ஒன்று மட்டும் கவனம். மடித்துத் தைத்த தையலின் மேல் ஏறினால் கத்திரி திணறி நின்றுவிடும். தையலுக்கு விரற்கடை தள்ளி வெட்டினால் பிரச்சினை இல்லை.

இதற்குப் போட்டியாக வருவது லெதர்மேன் நிறுவனத்தின் ராப்டர் வகைக் கத்திரி. மடங்கும், உறைக்குள் அடங்கும், மோதிரம் வெட்டும் பல்லும் பெல்ட் அறுக்கும் கொக்கியும் கண்ணாடி உடைக்கும் முனையும் சேர்ந்தே இருக்கும். விலை பல ஆயிரம். சாதாரண ட்ராமா கத்திரி சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பொருளாக ராப்டர் அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கத்திரி நம் தொழிலில் தொலைகிற பொருள். விபத்து நடந்த இடத்தில் ரத்தச் சேற்றில் விழும், அவசரப் பிரிவுப் படுக்கையில் மறந்துபோகும், "ஒரு நிமிடம் கொடுங்கள் தம்பி" என்று வாங்கியவரிடமே தங்கிவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள் தொலைந்தால் தூக்கம் கெடாது. ராப்டரின் மோதிரப் பல்லுக்குப் பதிலாகக் கொஞ்சம் தையல் நூல் போதும். வீங்கிய விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் விட்ட முனையைப் பிடித்து மெல்லப் பிரித்தால் பெரும்பாலான மோதிரங்கள் கழன்று வந்துவிடும். கண்ணாடி உடைக்கும் முனை பக்கக் கண்ணாடியில்தான் பலிக்கும், முன்கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது என்பதால் விரிசல் விடுமே தவிர உதிராது. லாரி கேபின் நசுங்கியிருந்தால் அது தீயணைப்புத் துறையின் வேலை, பாக்கெட் கருவியால் ஆகிற காரியமல்ல. ஆகவே என் வாக்கு சாதாரணக் கத்திரிக்கே. இரண்டு வாங்கி, ஒன்றை வண்டியில் போட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரு வேறுபாடு உண்டு. இரண்டு அலகும் சேரும் திருகில்தான் ரத்தம் தங்கும். ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியில் மணிக்கணக்கில் ஊறப்போட்டால் துரு ஏறும். சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது. ராப்டரின் மடிப்புகளுக்குள் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை குறைந்துவிடும்.

கத்திரி எடுக்கிற கை சற்று நிதானிக்க வேண்டிய இடமும் உண்டு. புடவையை வெட்ட வேண்டி வந்தால், "அக்கா, அடிபட்ட இடத்தைப் பார்க்கத் துணியை வெட்டுகிறேன், போர்வை போர்த்திவிடுகிறேன்" என்று நினைவில்லாதவரிடமும் சொல்லிவிட்டு வெட்டுவது என் வழக்கம். சுற்றி நிற்கும் உறவினர்களுக்கும் அது காதில் விழும், தகராறு பாதி குறையும்.

நெற்றி டார்ச், கை டார்ச், செல்போன்

செல்போன் வெளிச்சத்தை விட்டுவிடலாம். அது ஒரு கையைத் தின்றுவிடும், அழைப்பு வந்தால் அதிரும், ரத்தக் கையோடு தொட்ட பின் அதையே காதில் வைப்போம்.

கை டார்ச் தேடுவதற்கு நல்லது. கிணற்றுமேட்டில், புளியந்தோப்பில், சாலைக்குக் கீழே பள்ளத்தில் ஆள் எங்கே கிடக்கிறார் என்று பார்க்கத் தூரம் பாயும் ஒளி வேண்டும். ஆளைக் கண்டுபிடித்த பிறகு அதே டார்ச் தொல்லை. வாயில் கவ்விக்கொண்டு ஊசி போட முயன்றவர்களுக்குத் தெரியும்.

நெற்றி டார்ச் இரண்டு கையையும் விடுவித்துவிடும். டோலிக்குப் பக்கத்தில் நடந்து இறங்கும்போது இதற்கு ஈடே இல்லை. ஆனால் விற்கிறவர்கள் சொல்லாத குறைகள் மூன்று. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது ஒளி நேராக அவர் கண்ணில் அடிக்கும், அதனால் கீழே சாய்க்க முடிகிற கீல் இல்லாததை வாங்கக் கூடாது. மழைக்காலத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுச் சாலையில் போட்டீர்களானால் ஊரிலுள்ள ஈசல் எல்லாம் மூக்குக்கும் வாய்க்கும் வந்து சேரும். குறைந்த ஒளிக்கு மாற்றினால் கொஞ்சம் தேவலாம். மூன்றாவது, பல மாடல்களில் பெருமையாகத் தரும் சிவப்பு விளக்கு. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. நம் தொழிலுக்கு அது எதற்கு?

பேட்டரியில்தான் எனக்கு வலுவான கருத்து. சார்ஜ் செய்கிற மாடல் செலவு மிச்சம், உண்மை. ஆனால் நடு ஷிஃப்டில் அணைந்தால் அது வெறும் பட்டை. டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சிறிய பேட்டரியில் எரிவது எதுவோ அதை வாங்குங்கள். அந்த பேட்டரி தளியிலும் கிடைக்கும், ஊத்தங்கரைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

கை டார்ச்சும் நெற்றி டார்ச்சும் செய்ய முடியாத ஒரு வேலைக்குத்தான் பென் டார்ச். கண்பாவையைப் பார்ப்பது. பூச்சிமருந்து குடித்தவரென்று அழைப்பு வந்து, டப்பா கிடைக்கவில்லை, குடும்பத்தார் மழுப்புகிறார்கள் என்றால், முதலில் நான் பார்ப்பது கண்ணைத்தான். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தில் கண்பாவை குண்டூசி முனையளவு சுருங்கிவிடும், வாயில் எச்சில் ஒழுகும், மூச்சில் களகளவென்று சத்தம் கேட்கும். தலையில் அடிபட்டவரிடம் இரு பாவைகளும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாம்புக்கடியில், குறிப்பாகக் கட்டுவிரியன் கடியில், இமை தொங்குகிறதா என்பது முக்கியம். தேடும் டார்ச்சின் கொடூர ஒளியைக் கண்ணில் அடித்தால் நோயாளி கண்ணை இறுக மூடிக்கொள்வார், எதுவும் தெரியாது. மஞ்சள் சாயல் கொண்ட மெல்லிய ஒளி தருகிற, தன் மேலேயே மில்லிமீட்டர் அளவு வட்டங்கள் அச்சிட்ட பென் டார்ச்சை ஓரத்திலிருந்து கொண்டுவந்து பார்க்க வேண்டும். மூன்று விளக்கில் இரண்டுதான் வாங்க முடியும் என்றால் நெற்றி டார்ச்சும் பென் டார்ச்சும். கை டார்ச் வண்டியில் இருக்கட்டும், ஓட்டுநர் பிடித்துக்கொள்வார்.

கட்டுகள்

பெரும்பாலான ரத்தப்போக்கு நேரடியாக அழுத்திப் பிடித்தாலே நிற்கும். அதனால் பாக்கெட்டில் முதல் இடம் ஒரு பெரிய பஞ்சுப்பட்டைக்கும் ரோலர் பேண்டேஜுக்கும்தான். கை, காலில் பீறிட்டு அடிக்கிற ரத்தம் அழுத்தத்துக்கு அடங்காவிட்டால் டூர்னிகெட், அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்குக் கட்டு. முறுக்குக்குச்சி வைத்த, ஏறக்குறைய 3.8 செ.மீ. அகலப் பட்டை ஒரு பக்கம், முக்கோணத் துணியும் குச்சியும் வைத்து நாமே முறுக்குவது இன்னொரு பக்கம். துணி வேலை செய்யும், ஆனால் குச்சி நழுவாமல் கட்டிவைக்க இன்னொருவர் வேண்டும். தனியாக இறங்குபவருக்குப் பட்டைதான். அதில் மலிவுப் போலிகள் ஏராளம், அவற்றில் முறுக்கும்போதே குச்சி முறிகிறது. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் இதுதான். காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுத வேண்டும்.

இந்தப் பட்டையைப் பாம்புக்கடிக்கு எடுக்கவே கூடாது. கடித்த இடத்துக்கு மேலே ஊரார் ஏற்கெனவே கயிறோ துண்டோ இறுக்கிக் கட்டியிருந்தால், கத்திரி இருக்கிறதே என்று பார்த்தவுடன் நறுக்கிவிடவும் கூடாது. கட்டு திடீரென்று விடுபட்டால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறும். கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா பார்த்து, கை அல்லது காலை அசையாமல் வைத்து, மெட்டி, கொலுசு, காப்பைக் கழற்றி, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. கட்டை அவிழ்ப்பதை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

கையுறையும் மற்ற சில்லறையும்

இயற்கை ரப்பரான லேடெக்ஸா, செயற்கை ரப்பரான நைட்ரைலா என்றால் நைட்ரைல். கவிழ்ந்த வண்டியின் டீசலும் ஆயிலும் லேடெக்ஸை இளக்கிவிடும், பூச்சிமருந்து வாந்தியிலும் நைட்ரைல்தான் மேல். இரண்டு ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் மேலதைக் கழற்றிவிட்டுப் பேனாவைத் தொடலாம். லேடெக்ஸின் பக்கம் பேச ஒன்றுண்டு, ரத்தக்குழாயைத் தொட்டு உணர்வதில் அது மென்மை. டேஷ்போர்டு வெயிலில் வைத்தால் எதுவுமே தாங்காது.

கைக்கடிகாரத்தில் நொடி முள் ஓடினால் போதும், நாடியை 30 நொடி எண்ணி இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். பல ஸ்மார்ட் வாட்சுகள் மணிக்கட்டைத் திருப்பினால்தான் விழிக்கின்றன, கையோ வேறொருவர் மணிக்கட்டில் இருக்கிறது. துணிப் பட்டை ரத்தத்தை உறிஞ்சும், ரப்பர் பட்டை கழுவலாம்.

விரலில் மாட்டி ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரைச் சொந்தமாக வாங்குவது மலைப் பக்கம் வேலை பார்ப்பவருக்கு மட்டும் நியாயம். தளிப் பக்கம் மார்கழிக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் எண் தடுமாறும், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகு பாருங்கள். நகப்பூச்சும் ஏமாற்றும். மூடிய அறையில் புகையில் சிக்கியவரிடம் கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் நல்ல ரத்தமென்று கருவி காட்டிவிடும், அங்கே எண்ணை நம்பவே கூடாது.

பேனா பால்பாயின்ட். ஜெல் பேனா ஈரக் காகிதத்தில் அழியும்.

எங்கே வைப்பது?

தோளில் குறுக்காகத் தொங்கும் பை குனிந்தவுடன் ஊஞ்சல் போல் ஆடி நோயாளியின் மார்பில் இடிக்கும். இடுப்புப் பை வண்டியில் உட்காரும்போது வயிற்றை அழுத்தும், ஆனால் மலை ஏறும்போது அதுதான் சுகம். காற்சட்டையின் தொடைப் பாக்கெட் எப்போதும் எட்டும், மண்டியிட்டால் உள்ளிருப்பது குத்தும். நான் பிரித்து வைப்பது இப்படி: வலது தொடையில் கத்திரியும் கையுறையும், இடது தொடையில் பேண்டேஜ், சட்டைப் பாக்கெட்டில் பென் டார்ச்சும் பேனாவும். டூர்னிகெட்டும் நெற்றி டார்ச்சும் கழுவக்கூடிய ரெக்சின் இடுப்புப் பையில், மலை அழைப்பென்றால் மட்டும் அணிவது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் இரவில் இறங்குவதானால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒளிரும் மேலங்கி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

ஷூவைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். இரும்பு முனை வைத்த பாதுகாப்பு பூட்ஸ் கண்ணாடித் தூளுக்கும் நசுங்கிய தகரத்துக்கும் நல்லது. ஓசூர், பர்கூர், சூளகிரி நெடுஞ்சாலைப் பகுதியில் இருப்பவர் அதையே வாங்கலாம். சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் நடப்பவருக்கு அது காலில் கட்டிய கல். கணுக்கால் மூடிய, அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய, இலேசான ஷூ அங்கே வழுக்காது. இருவருக்கும் பொருந்துவது ஒன்று, வண்டியில் பாலிதீன் உறைக்குள் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை.