கதவை விட்டுப் போக மறுக்கும் பென்சைல் ஆல்கஹால்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பாறசாலையில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்து விற்கும் நண்பர் ஒருவர், பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த பெயின்ட் ரிமூவரை இருபது லிட்டர் கேனாகவே வாங்கிவிடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். வேறொரு நாளில் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அவர் அழைத்த நேரத்தில், களியக்காவிளைக்கு அருகிலுள்ள என் பட்டறையில், அதே ரிமூவரால் பழைய பெயின்டைச் சுரண்டிய, மூன்று முறை பாலிஷ் அடித்தும் காயாத ஓர் அயனி மரக் கதவின் முன் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பதிலில் சற்றுக் கோபம் கலந்திருந்தால் அது அந்தக் கதவின் மீதான கோபம் என்று கொள்ளவும்.

இதற்கு முன் நாங்கள் பயன்படுத்தியது மெத்திலீன் குளோரைடு. பூசி இருபது நிமிடத்தில் எனாமல் கொப்பளித்து எழும்பும். வேகத்தில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதன் கொதிநிலை 40 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், எங்கள் ஊர் வெயிலில் கேனைத் திறந்த உடனே ஆவி அறையை நிறைத்துவிடும். உள்ளே போகும் அந்த ஆவியின் ஒரு பகுதியை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. பெயின்ட் நீக்கிகளில் அதைச் சேர்த்துப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்ததற்குப் பல உயிரிழப்புகள் காரணமாயின. என் பட்டறையில் இளைய ஆசாரி ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்த நாளில்தான் நான் அதை நிறுத்தினேன்.

பென்சைல் ஆல்கஹாலின் கொதிநிலை 205 டிகிரி. மாலையில் கூழாகப் பூசி, பாலித்தீன் தாளால் மூடிவிட்டு வீட்டுக்குப் போனால், அது ஆவியாகித் தொலையாமல் இரவெல்லாம் வேலை செய்கிறது. காலையில் சுரண்டியை வைத்தால் ஐந்தாறு பூச்சு ஒன்றாகச் சுருண்டு வருகிறது. பழைய வீடுகளை இடிக்கும்போது வாங்கும் கதவுகளில் இது எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூசி மூக்கில் ஏறும். ஈரமாகச் சுரண்டினால் தூசி எழுவதில்லை. காஸ்டிக் சோடாவைப்போல் இது தேக்கைக் கறுக்க வைப்பதுமில்லை.

இவ்வளவும் நியாயத்துக்காகச் சொன்னது. இனி என் வயிற்றெரிச்சல்.

இரவெல்லாம் ஆவியாகாமல் நிற்கும் பொருள் மறுநாளும் ஆவியாவதில்லை. அதற்கு மறுவாரமும் ஆவியாவதில்லை. பலகையின் முகத்தைத் துடைத்துவிடலாம். சட்டமும் பலகையும் சேரும் காடியில் இறங்கியதை என்ன செய்வது? நூறு மில்லி தண்ணீரில் ஏறத்தாழ நான்கு கிராம் அளவுக்குத்தான் அது கரையும். ஆகவே ஈரத்துணியால் எத்தனை முறை துடைத்தாலும் மிச்சம் இருக்கும். அதன் மேல் பாலிஷ் ஏற்றினால், எனாமலை இளக்கிய அதே குணத்தோடு புதுப் பூச்சையும் உள்ளிருந்து இளக்கிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிட்டில் (பாலிஷில் கலக்கும் எரிசாராயம்) அது முழுவதும் கலந்துவிடும் என்பதால், இரண்டு முறை ஸ்பிரிட்டால் கழுவி (பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது), நான்கைந்து நாள் வெயிலில் சாய்த்து வைப்பதே வழி என்று இரண்டு ஆண்டு கழித்துத்தான் கண்டுகொண்டேன். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொட்டும் எங்கள் பக்கத்தில் அந்த நான்கைந்து வெயிலை எங்கே போய்க் கேட்பது?

மணம் இன்னொரு கதை. புதுக் கேனில் மெலிதான, இனிய மணம்தான் இருக்கும். தோவாளையில் மூட்டை மூட்டையாக இறங்கும் பிச்சிப்பூவின் வாசனையிலும் இந்தப் பொருள் சிறிதளவு உண்டு. பாதி காலியான கேனில் காற்றுப் பட்டால், அது மெல்ல மெல்ல பென்சால்டிஹைடாக மாறுகிறது. அதுதான் பாதாம் எசன்ஸின் மணம். அதற்கும் அடுத்த நிலை பென்சாயிக் அமிலம். ஒரு முறை எனக்கு மூடி திறந்த உடனே பாதாம்பால் கடை வாசலில் நிற்பதைப்போல் மணக்கும் கேனை விற்றுவிட்டார்கள். பழைய சரக்கு என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அப்போதிருந்து, மிச்சத்தைச் சிறிய கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி வைக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் அறையில் பாதாம் மணக்கிறதே, பாலிஷில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

பூவில் இருக்கிறது, ஊசி மருந்துக் குப்பியில் மருந்து கெடாமலிருக்க 0.9 விழுக்காடு சேர்க்கிறார்கள், ஆகவே கையுறை எதற்கு என்று பேசுபவர்கள் உண்டு. அதே மருந்துக் குப்பியின் கதைதான் அவர்களுக்கான பதில். உடல் இதைப் பென்சாயிக் அமிலமாக்கி, பிறகு ஹிப்யூரிக் அமிலமாக்கி வெளியேற்றுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த இரண்டாம் படி போதிய அளவு நடப்பதில்லை. இது சேர்ந்த ஊசிக் கரைசல்களால் அத்தகைய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தது 1982இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அளவும் ஆளும் மாறினால் பொருளும் மாறும். பட்டறையில் கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும். சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும். மெல்லிய ரப்பர் கையுறை இதற்குத் தாங்காது, பியூட்டைல் ரப்பர்தான் நிற்கும். தீப்பற்று நிலை 100 டிகிரியை ஒட்டி இருப்பதால் பெயின்டில் கலக்கும் தின்னரைப்போல் சட்டென்று பற்றிக்கொள்ளாது. அதை நம்பி, இதைப் பூசிய கதவின் மேல் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடிக்கும் அவசரக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: இருபது லிட்டர் வேண்டாம், ஒரு லிட்டர் வாங்குங்கள், காடியும் சிற்பமும் இல்லாத தட்டையான பலகைக்கு மட்டும் பூசுங்கள், வியாபாரக் கெடு உள்ள வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். அப்படியானால் மறுபடி மெத்திலீன் குளோரைடுக்கே போகட்டுமா என்று அவர் கேட்டார். அதற்குக் கூடாது என்றேன். பிறகு எதைத்தான் வாங்குவது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் பட்டறைக்கு அடுத்த கேன் நேற்றுத்தான் வந்து இறங்கியது என்பதை அவரிடம் நான் சொல்லவுமில்லை.

நான்காம் முறை பாலிஷ் அடித்த அந்த அயனிக் கதவின் அடிச்சட்டத்தை இன்று காலை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரேகை பதிந்தது.