ரிச்சி ஸ்ட்ரீட்ல "2கே" மானிட்டர் வாங்கி ஏமாந்துட்டேன், நீங்க உஷாரா இருங்க

மானிட்டர் வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க. நான் வீட்ல இருந்தே அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறேன், நாள் பூரா டேலி ஒரு பக்கம் எக்செல் ஒரு பக்கம். முன்னாடி ரெண்டு மானிட்டர் வச்சிருந்தேன், ரெண்டாவதுல யூட்யூப் தான் ஓடுச்சு, கழுத்து வலி தனி. சரி ஒரே பெருசா 27 இன்ச் 2கே (மானிட்டர்ல 2கேன்னா பொதுவா 2560×1440 பிக்சல்) வாங்கிடலாம்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன்.

கடைக்காரர் போட்டுக் காட்டினது கிளி பறக்குற வீடியோ, ஒவ்வொரு இறகும் தனித்தனியா தெரியுது, அப்படியே மயங்கிட்டேன். பில் கேட்டா "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார், எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்"னாரு, அதாவது வரி போடாத வெறும் துண்டுச் சீட்டு. ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற நானே தலையாட்டிட்டு வந்தேன் பாருங்க, அதான் இன்னும் வயிறு எரியுது.

வீட்ல எக்செல் தொறந்தா 8 எது 6 எதுன்னு தெரியல, எழுத்தோரமெல்லாம் பிசிறு. கேபிள் மாத்தி, விண்டோஸ்ல எழுத்தத் தெளிவாக்குற கிளியர்டைப் ஓட்டி, கடைசியா செட்டிங்ஸ்ல பாத்தா 1920×1080க்கு மேல ஏறவே இல்ல, சாதா ஃபுல் எச்டி! 24 இன்ச்சுல அது பரவால்ல, இன்ச்சுக்கு 92 பிக்சல் வரும், 27ல இழுத்து விட்டா 82 தான், நிஜ 2560×1440னா 109. ரெண்டு விண்டோவ பக்கத்துல பக்கத்துல வச்சா ஆளுக்கு 1280 வரவேண்டியது 960 தான் வருது, எக்செல்ல பாதி கட்டம் வெளிய நிக்குது.

திரும்பப் போய்க் கேட்டா "1920னா 2000க்குப் பக்கம் தானே சார், அதான் 2கே"ங்கறாரு. கொடுமை என்னன்னா சினிமாக்காரங்க கணக்குல 2கேன்னா 2048×1080, அதனால முழுப் பொய்ன்னும் சண்டை போட முடியல. கைல இருக்குற சீட்டுலயும் "27 மானிட்டர்"னு மட்டும் தான், மாடலும் இல்ல சீரியல் நம்பரும் இல்ல. இத வச்சுக்கிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு என்னத்த சொல்றது?

போறப்ப சொந்த லேப்டாப்ப தூக்கிட்டுப் போங்க, அவங்க வீடியோ வேணாம், உங்க ஷீட்ட தொறந்து உக்காந்து பாருங்க, நின்னுக்கிட்டே பாத்தா எல்லாம் அழகாத் தான் தெரியும். ஜிஎஸ்டி பில்லுல 2கேன்னு இல்லாம 2560×1440ன்னு சீரியல் நம்பரோட எழுதச் சொல்லுங்க, மழுப்புனா அடுத்த கடைக்குப் போயிடுங்க.

அந்த மானிட்டர் இப்ப ஹால்ல இருக்கு, அப்பா கிரிக்கெட் பாக்குறாரு. "படம் கண்ணாடி மாதிரி இருக்கேடா, இதப் போயி ஏன் கொறை சொல்ற?"ங்கறாரு.