குன்னூரில் வாங்கிய பல அடிமான மணிச்சட்டம்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கோத்தகிரியில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நான், முழு எண்களை வெவ்வேறு அடிமானங்களில் (ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் வலப்பக்க இடத்தைவிட எத்தனை மடங்கோ, அந்த எண்ணே அடிமானம்) எழுதுவதைக் கையால் தொட்டுக் காட்ட ஒரு கருவி தேடிக்கொண்டிருந்தபோது, குன்னூர் மார்க்கெட்டில் ஒரு கடையில் இந்த மர மணிச்சட்டம் 480 ரூபாய்க்குக் கிடைத்தது. மொத்தம் ஆறு மூங்கில் குச்சிகள், குச்சிக்குப் பதினைந்து மணிகள், எத்தனை மணிகளைப் பயன்படுத்தலாம் என்று வரம்பிட ஒரு பித்தளைக் கவ்வி.

அந்தக் கவ்விதான் இதன் உயிர். ஏழாவது மணிக்கு மேலே அதைப் பூட்டிவிட்டால் சட்டம் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறைக்கு மாறிவிடுகிறது. எட்டாவது மணிக்கு வழியில்லாத பிள்ளை, ஏழையும் இறக்கிவிட்டு இடப்பக்கக் குச்சியில் ஒன்றை ஏற்றியே ஆக வேண்டும்.

தொட்டபெட்டாவின் உயரமான 2637 மீட்டரை எடுத்துக்கொண்டோம். எட்டால் வகுத்தால் ஈவு 329, மீதி 5. அடுத்து ஈவு 41, மீதி 1. அடுத்து ஈவு 5, மீதி 1. கடைசியில் மீதி 5. மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத 5115 வந்தது. "இதை ஐயாயிரத்து நூற்றுப் பதினைந்துன்னு படிக்கலாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆயிரம், நூறு என்பவை பத்தடிமானத்தின் பெயர்கள். இங்கே அந்த இடங்களின் மதிப்பு 512, 64, 8, 1 என்பதால், ஐந்து, ஒன்று, ஒன்று, ஐந்து என்று தனித்தனியாகவே படிக்க வேண்டும். இவ்வளவு முக்கியமான செய்தி உடன் வரும் கையேட்டில் இல்லை.

கையேட்டின் பெரிய பிழை வேறு. பதினாறு அடிமானத்தில் 10 முதல் 15 வரையிலான இலக்கங்களுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று போட்டிருக்கிறார்கள். தமிழ் எண்களில் ௮ என்பது எட்டு, ௨ என்பது இரண்டு. பழைய பஞ்சாங்கம் பார்த்த பிள்ளை நிச்சயம் குழம்பும். கணினியில் எல்லா இடத்திலும் ஆங்கில ஏ முதல் எஃப் வரைதான் வழங்குகிறது என்பதால், அந்தப் பக்கத்தின் மேல் நானே திருத்தி எழுதி ஒட்டிவிட்டேன்.

ஐப்பசி மழையில் மணிகள் ஊறி நகர மறுத்தன. அடுப்பங்கரையில் இரண்டு நாள் வைத்த பிறகே இளகின. இரண்டை அடிமானமாகக் கொண்ட இருமத்துக்கு ஆறு குச்சிகள் போதாது என்பதும் குறைதான், 63-க்கு மேல் ஏறாது. அதற்காகவே இன்னொரு சட்டம் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். 101001001101 என்று தொட்டபெட்டா பன்னிரண்டு குச்சிகளிலும் சரியாக அமர்ந்தது.